விமானியின் வானிலைச் சூத்திரம்

சில எழுத்துக்களுள் பல பொருளைச் செறித்து, சிறு கண்ணாடியிற் பேருருவம் தெளிவுறத் தோன்றுமாறு போலத் தோன்றச் செய்வது சூத்திரம் என்பது நன்னூல் கற்றார் யாவரும் அறிந்ததே. அவ்விலக்கணத்துக்கு இக்கால உலக வழக்கிலிருந்து ஓர் உதாரணம் தருக என மாணவர் எவரேனும் வினவின், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அரைமணிக்கொருமுறை வெளிவரும் வானிலை அறிக்கையையே யாம் எடுத்துக் காட்டுவோம். காற்று, பார்வைத் தூரம், மழை, முகில், வெப்பநிலை, வளிமண்டல அமுக்கம் ஆகிய யாவும் அங்கே ஒரு வரியுள் அடங்கிக் கிடக்கின்றன. அவ்வரியில் வினைமுற்று இல்லை, வேற்றுமையுருபு இல்லை. உருபும் பயனும் உடன்தொக்க தொகையைப் படிப்போன் தானே விரித்துப் பொருள் கொள்வதைப் போல, விமானியும் அதனை விரித்துப் பொருள் கொள்ள வேண்டும். தொகையைப் பிழைபட விரித்த மாணவன் சில புள்ளிகளை இழப்பான். வானிலை வரியைப் பிழைபட விரித்த விமானி இழக்கக்கூடியது அதனினும் பெரிது.

இவ்வரிக்கு மெற்றார் என்று பெயர். எம்மிடம் தமிழ் கற்று, பின்னர் இரத்மலானையில் விமானப் பயிற்சி பெறச் சென்ற மாணவர் ஒருவர், விடுமுறைக்கு முந்தலுக்கு வந்தபோதெல்லாம் இவ்வரிகள் நிறைந்த கொப்பியொன்றைக் கையோடு கொண்டுவருவார். விமானிகளுக்கான எழுத்துப் பரீட்சையில் வளிமண்டலவியலும் ஒரு பாடம். அவரோடிருந்து பல மாலைகள் அவ்வரிகளை விரித்துப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை. விமானம் ஓட்டும் வித்தையைப் பற்றி யாம் ஒன்றும் கூறப்போவதில்லை. அது எமது துறையன்று. எழுத்தைப் படிக்கும் முறை பற்றிச் சிறிது கூறலாம்.

இத்துணைச் சுருக்கம் ஏன் வேண்டும் என்பது முதலில் எழும் வினா. தந்தியே இதற்குக் காரணம். சாள்ஸ் டார்வினைப் பீகிள் கப்பலில் உலகஞ்சுற்ற அழைத்துச் சென்ற றொபேட் பிற்ஸ்றோய் என்னும் கடற்படைத் தலைவர், 1861 ஆம் ஆண்டில் பிரித்தானியத் துறைமுகங்களுக்குத் தந்தி வாயிலாகப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். தந்தியிலோ சொல்லுக்குச் சொல் காசு. காசினும் அருமையானது நேரம். ஆகவே அவதானிப்புகள் எண்களாகவும் குறிகளாகவும் சுருங்கின. விமானங்கள் பறக்கத் தொடங்கிய பின்னர் அத்தேவை மேலும் பெருகிற்று. சென்னை விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் ஒரு சிறு விமானத்தை ஓட்டிவந்து இரத்மலானையில் முதன்முதலாக இறங்கியது 1935 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆம் திகதியாகும். இன்றுள்ள மெற்றார் வடிவம் பன்னாட்டு வழக்கில் வந்தது 1968 ஆம் ஆண்டிலேயே. அமெரிக்கர் தமது பழைய முறையை விட மனமின்றி 1996 வரை வைத்திருந்தனர். தந்தி மறைந்துவிட்டது, ஆயினும் சூத்திரம் மறையவில்லை. எந்நாட்டு விமானியும் எம்மொழி பேசுவோனும் ஒரே பார்வையிற் படிக்கத்தக்க வேறொரு வடிவத்தை இன்னும் எவரும் ஆக்கித் தரவில்லை போலும்.

இனி ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பின்வருவது விளக்கத்தின் பொருட்டு யாமே அமைத்தது. வடிவம் மட்டும் உண்மையானது. ஆங்கில எழுத்துக்களை அவற்றின் ஒலிப்படி தமிழில் எழுதியுள்ளோம்.

வி.சி.பி.ஐ. 140610இசட் 25016கே.ரி. 9999 எஸ்.சி.ரி.020 30/25 கியூ1009 நோசிக்

முதல் நான்கெழுத்து இடப்பெயர். வி.சி. என்பது இலங்கை, பின்வரும் இரண்டெழுத்தும் கட்டுநாயக்கா. இரத்மலானைக்கு வி.சி.சி.சி. என்றும், யாழ்ப்பாணத்துக்கு வி.சி.சி.ஜே. என்றும் வரும். சென்னைக்கு வி.ஓ.எம்.எம்., திருச்சிக்கு வி.ஓ.ரி.ஆர். எனக் கடல் கடந்தவுடன் இரண்டாம் எழுத்து மாறும்.

அடுத்தது காலம். 14 ஆம் திகதி 6 மணி 10 நிமிடம். இதனைக் காலை ஆறுமணியென்று கொள்ளுதல் புதியோர் யாவரும் செய்யும் செயல். ஈற்றிலுள்ள இசட் என்னும் எழுத்தே இங்கு உயிர்நாடி. அது உலகப் பொது நேரம் என்பதன் குறி. நமது நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. எனவே அறிக்கை முற்பகல் 11 மணி 40 நிமிடத்துக்குரியது. பொது நேரம் இருபது மணி என்றிருப்பின் நமக்கு மறுநாள் பிறந்து ஒன்றரை மணியாகிவிடும், திகதியும் மாறும். நம் நாட்டுக் கடிகாரம் 1996 இல் இருமுறை மாற்றப்பட்டு 2006 இல் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டதைப் பழைய மாணவர்கள் மறந்திரார். அப்பத்தாண்டுக் குழப்பத்திலும் இவ்வரியின் காலம் ஓர் அணுவும் அசையவில்லை.

மூன்றாவது தொகுதியே பொருட்செறிவு மிக்கது. 25016 என்பதை இருபத்தையாயிரத்துப் பதினாறு என்று படித்தால் ஒரு பொருளும் இல்லை. முதல் மூன்று இலக்கம் திசை. பின் இரண்டிலக்கம் வேகம். வடக்கைத் தொடக்கமாகக் கொண்டு வலமாக எண்ணின் 250 பாகை என்பது மேற்குக்குச் சற்றுத் தெற்கு. வேகம் 16 நொட். ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1852 மீற்றர். இங்கு ஓர் இன்பமான ஒற்றுமையைக் காட்டாமற் செல்ல மனம் வரவில்லை. காற்று எத்திசை நோக்கிச் செல்கின்றது என்பதையன்று, எத்திசையிலிருந்து வருகின்றது என்பதையே இவ்வெண் கூறும். நம் கரையோர மக்களும் அவ்வாறே பெயரிட்டனர். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். தென்மேற்கிலிருந்து வருவது சோழகம். உடப்புக் கரையிற் கரைவலை வளைக்கும் முதியவர் ஒருவரிடம் இவ்வெண்ணைச் சொன்னால் அவருக்கு விளங்காது. சோழகத்துக்கும் கச்சானுக்கும் இடைப்பட்ட காற்று என்றாலோ, கடலின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

திசையறிந்து விமானி செய்வதென்ன? கட்டுநாயக்காவிலும் இரத்மலானையிலும் ஓடுபாதையின் பெயர் 04, 22. அப்பெயரோடு ஒரு சுன்னத்தைச் சேர்த்தால் ஓடுபாதையின் திசைப் பாகை கிடைக்கும். 22 இல் இறங்குபவன் ஏறத்தாழ 220 பாகையை நோக்குகின்றான். காற்று 250 இலிருந்து வருகின்றது. இடைக்கோணம் 30 பாகை. முப்பது பாகையின் சைன் அரை என்பது கணித வகுப்பிலிருந்தோர் அறிவர். ஆகவே காற்றின் பாதி, அதாவது 8 நொட், விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும். பயிற்சிக்கு வழங்கும் செஸ்னா 152 என்னும் சிறு விமானத்துக்கு, அதை ஆக்கியோர் செய்துகாட்டிய பக்கக்காற்றின் அளவு 12 நொட். எட்டு அதனுள் அடங்கும். காற்று அதே வேகத்தில் 290 பாகைக்குத் திரும்பிவிட்டால்? கோணம் 70 பாகை. பக்கக்காற்று 15 நொட். வேகம் மாறவில்லை, நாற்பது பாகைத் திருப்பம் ஒன்றே, இறங்கத்தக்க காற்றைப் பயிலுநன் இறங்கத்தகாத காற்றாக்கிவிடும். வேகத்தை மட்டும் படித்துத் திசையைக் கண்ணோட்டமாக விடுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று. இன்னும் ஒன்று: எழுத்திலுள்ள திசை புவியியல் வடக்கிலிருந்து அளந்தது, ஓடுபாதையின் எண்ணோ காந்த வடக்கிலிருந்து அளந்தது. நம் நாட்டில் இரண்டுக்கும் வேறுபாடு சிறிதாகையால் அதனால் வரும் தீங்கும் சிறிதே.

9999 என்பது பார்வைத் தூரம். பத்துக் கிலோமீற்றரும் அதற்கு மேலும் என்பது பொருள். எழுத்தில் அடக்கமுடியாத பெருமையை நான்கு ஒன்பதாற் குறித்த நயத்தை நோக்குக. எஸ்.சி.ரி. சிதறிய முகில். வானத்தை எட்டுக் கூறாக்கி, அவற்றுள் ஒன்றோ இரண்டோ மூடியிருப்பின் எவ்.ஈ.டபிள்யூ.; மூன்றோ நான்கோ எனின் எஸ்.சி.ரி.; ஐந்து முதல் ஏழு வரை பி.கே.என்.; முழுவதும் மூடின் ஓ.வி.சி. பக்கத்திலுள்ள 020 நூறடிக் கணக்கு. எனவே முகிலின் அடிப்பகுதி நிலத்திலிருந்து 2000 அடி. பி.கே.என்., ஓ.வி.சி. என்னும் இரண்டுமே முகிற்கூரை எனப்படும். கட்டுப்பாட்டு வலயத்துள் அமைந்த விமான நிலையத்திலிருந்து கண்ணால் நிலத்தைப் பார்த்துப் பறப்பவன் புறப்பட வேண்டுமாயின், அக்கூரை 1500 அடிக்குக் குறையலாகாது. பார்வைத் தூரம் 5 கிலோமீற்றருக்குக் குறையலாகாது. தனி அனுமதி பெற்றாலன்றி, இது பன்னாட்டு விதி.

30/25 என்பன வெப்பநிலையும் பனிபடுநிலையும். வளி எவ்வளவு குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்குமோ அவ்வெப்பநிலை பனிபடுநிலை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை 400 ஆற் பெருக்கினால், பகல் வெப்பத்தால் எழுந்து திரளும் முகிலின் அடி உயரம் அடிக்கணக்கிற் கிடைக்கும். ஐந்தை நானூறாற் பெருக்குக, 2000. அவதானிப்போர் வானத்தைப் பார்த்து எழுதியதும், வெப்பமானியைப் பார்த்துக் கணித்ததும் ஒன்றாய் வருகின்றன. தனித்தனியாய் நின்ற இரண்டு தொகுதிகள் ஒன்றுக்கொன்று சாட்சி கூறும் இவ்விடத்திலேயே எம் மாணவர் முதன்முதலாக அவ்வரியைக் குறியீடென்று கருதாமல் வாக்கியமென்று கருதத் தொடங்கினார்.

கியூ1009 கடல்மட்ட அளவுக்குக் கொணர்ந்த அமுக்கம். ஹெக்ரோபாஸ்கல் என்னும் அலகில். மில்லிபார் என்று நாம் கற்றதும் அதுவே. இவ்வெண்ணை விமானி தன் உயரமானியிற் பொருத்தவேண்டும். அமுக்கம் ஓர் அலகு குறைய உயரமானி ஏறக்குறைய 27 அடி பிழைபடும். 1013 எனப் பொருத்திவிட்டு 1007 உள்ள இடத்துக்குச் சென்றவன், கருவி காட்டுவதைவிட ஏறத்தாழ 160 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பான். ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய இரண்டு நெடுந்தென்னைகளின் உயரம் அது. தென்னஞ்சோலைகளின் மேலேயே நம் கரையோரத்து விமானப் பாதைகள் செல்லுகின்றன. நம்போன்ற வெப்பநாடுகளில் அமுக்கம் நாள்தோறும் கடலலைபோல் இருமுறை ஏறி இறங்குகின்றது: முற்பகல் பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம், நான்கு மணியளவுகளில் தாழ்வு. காலை பத்துக்குப் புறப்பட்டு மாலை நான்குக்குத் திரும்புபவன், வானம் சிறிதும் மாறாத நாளிலும், மூன்று நான்கு அலகு குறைந்திருக்கக் காண்பான். இவ்வழக்கமான இறக்கத்தை அறிந்தவனே வழக்கமற்ற இறக்கத்தை இனங்காண வல்லவன். 1964 டிசெம்பர் 22, 23 ஆம் திகதிகளில் நம் வடபுலத்தைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்தது போன்ற சூறாவளி வருமுன் அமுக்கமானியே முதலிற் பேசும்.

நோசிக் என்பது அடுத்த இரண்டு மணி நேரத்துள் குறிப்பிடத்தக்க மாற்றம் எதிர்பார்க்கப்படவில்லை என்பதாம். இரண்டு மணிக்குமேல் அச்சொல்லுக்கு ஆயுள் இல்லை.

இவ்வரியில் மழையைப் பற்றி ஒன்றுமில்லை. மழையோ மூடுபனியோ இருப்பின் பார்வைத் தூரத்துக்கும் முகிலுக்கும் இடையே எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாமையே அவை இல்லையென்பதற்குச் சான்று. ஆனால் ஆளின்றி இயந்திரமே அவதானித்து அனுப்பும் அறிக்கைகளில் சில இடங்களிற் சாய்கோடுகள் மட்டும் காணப்படும். அவற்றுக்குப் பொருள் 'இல்லை' என்பதன்று. 'அறிய இயலவில்லை' என்பதே. இன்மையும் அறியாமையும் வேறென்பதைத் தமிழாசிரியன் வகுப்பறையிற் பலமுறை சொல்லலாம். ஓடுபாதையின் முனையில் இயந்திரத்தை முடுக்கி நிற்பவனுக்கு அவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று.

இயற்கை நிகழ்ச்சிகளுக்குரிய குறிகளிற் பல ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்: ஆர்.ஏ. மழை, ரி.எஸ். இடிமுழக்கம், எவ்.ஜி. மூடுபனி. சில மாணவரை மயக்கும். மென்பனி மூட்டத்துக்குப் பி.ஆர்., புகைக்கு எவ்.யூ., ஆலங்கட்டிக்கு ஜி.ஆர். என்பன ஆங்கிலத்தில் எவ்விதத்தும் பொருந்தா. அவை பிரெஞ்சுச் சொற்களின் தலையெழுத்துக்கள். வடசொல்லும் திசைச்சொல்லும் விரவிய நம் செய்யுள் போல இங்கும் பிறமொழி விரவிற்று.

இப்பொழுது மற்றொரு வரி. இது தை மாதத்துக்குரியதாக அமைத்தது.

வி.சி.பி.ஐ. 200010இசட் 00000கே.ரி. 4000 பி.ஆர். எவ்.ஈ.டபிள்யூ.016 23/23 கியூ1012 நோசிக்

மேலோட்டமாகப் பார்ப்பவன் மகிழ்வான். காற்று இல்லை, முகில் சிறிதே, அமுக்கம் நல்ல உயரம், மாற்றமும் இல்லையாம். தொகுதிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பவனோ வேறு காண்பான். நேரம் நமக்கு விடியற்காலை 5 மணி 40 நிமிடம். சூரியன் எழ இன்னும் முக்கால் மணி உண்டு. நிலம் இன்னும் குளிரும். வெப்பநிலையும் பனிபடுநிலையும் ஒன்றாகிவிட்டன. வளியில் இனி நீராவிக்கு இடமில்லை. கலைத்துவிடக் காற்றும் இல்லை. பார்வைத் தூரம் இப்பொழுதே 4000 மீற்றர். ஆயிரம் மீற்றருக்குக் கீழ் வந்தால் பி.ஆர். என்பது எவ்.ஜி. ஆகிவிடும். பி.ஆர். என்ற இரண்டெழுத்தின் பொருள் தெரிந்தவர் பலர். காலம், காற்று, வெப்பநிலை என்னும் மூன்றையும் அவ்விரண்டெழுத்தோடு சேர்த்து முடிபு கொள்வோர் சிலரே.

முந்தலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? மெற்றார் விமான நிலையத்தைச் சுற்றி எட்டுக் கிலோமீற்றர் அளவுக்கே உரியது; எட்டுக்கும் பதினாறுக்கும் இடைப்பட்டதை 'அண்மையில்' என்று குறிக்கும் வி.சி. என்றொரு குறி உண்டு. அதற்கு அப்பால் அது வாய் திறவாது. கட்டுநாயக்காவிலிருந்து முந்தல் ஏறக்குறைய 70 கிலோமீற்றர் வடக்கே உள்ளது. கரையோரமாகச் சிலாபத்தைக் கடந்து புத்தளம் நோக்கிப் பறக்கும் பயிலுநன் ஒருவன், அங்குள்ள வானிலையை இங்கும் விரித்துப் போர்த்திவிடுதல் பெருந்தவறு. ஒரே சோழகம் கட்டுநாயக்காப் பக்கத்தில் மழையைக் கொட்டும். நம் பக்கத்தில் ஈரமின்றி வீசி உப்பளங்களை உலர்த்தும். கற்பிட்டிக் குடாநாட்டில் மாம்புரியிலே காற்றாலைகள் நிறுவப்பட்டதும் அக்காற்றை நம்பியே. ஆகவே அங்கு மழை என்பதால் இங்கும் மழையென்று கொள்ளலாகாது. அங்கு 16 நொட் என்பதால் இங்கும் அவ்வளவே என்றும் கொள்ளலாகாது. தை மாத விடியற்காலையிலோ நிலைமை தலைகீழ். நீர் நிறைந்த களப்பும் அதைச் சூழ்ந்த ஈரநிலமும் தமக்கென ஒரு பனிமூட்டத்தை எழுப்பவல்லன. கட்டுநாயக்கா தெளிந்த பின்னரும் அது இங்கு தங்கலாம். புத்தளத்தில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதானிப்பு நிலையம் உண்டு; அதன் செய்தியையும் யாழ்ப்பாணத்து மெற்றாரையும் கட்டுநாயக்கா வரியோடு வைத்து இடைநிலையை ஊகித்தல் அறிவுடைமை. எம் மாணவர் இவற்றோடு நில்லாமல், முந்தலில் உள்ள தம் மாமனாரைத் தொலைபேசியில் அழைத்து, களப்பின் அக்கரைத் தென்னைகள் தெரிகின்றனவா என்று கேட்பார். பன்னாட்டு விதிகளில் மாமனாருக்கு இடமில்லை. ஆயினும் இது நல்ல வழக்கமென்றே எமக்குத் தோன்றுகின்றது.

சித்திரையிலும் ஐப்பசியிலும், இரு பருவக்காற்றுக்களுக்கும் இடைப்பட்ட நாட்களில், அஞ்சத்தக்கது வேறு. பிற்பகலில் நாட்டின் உட்பகுதியில் எழும் இடிமழை மாலையில் மேற்குக் கரையை நோக்கி நகர்ந்து வரும். அப்பொழுது வரியிற் கூட்டற்குறியிட்ட ரி.எஸ்.ஆர்.ஏ. காணப்படும், கடும் இடிமழை என்பது பொருள். கழித்தற்குறி மெல்லியதைக் குறிக்கும், குறியின்மை நடுத்தரம். முகிலின் உயரத்துக்குப் பின் சி.பி. என்ற இரண்டெழுத்து ஒட்டியிருப்பின், அதுவே இடிமழையைத் தாங்கி நிற்கும் பெருந்திரள்முகில். அது எட்டிலொரு கூறே ஆயினும் சிறிதென்று எண்ணற்க. அளவைச் சொல்லும் தொகுதியைவிட வகையைச் சொல்லும் அவ்விரண்டெழுத்தே கனமானது.

மெற்றார் நடந்ததைக் கூறும்; நடக்கவிருப்பதைக் கூறுவது டாஃப் என்னும் முன்னறிவிப்பு. குறிகள் பெரும்பாலும் அவையே. காலத்தைக் காட்டும் முறைதான் வேறு. முன்னதை இறந்தகாலமாகவும் பின்னதை எதிர்காலமாகவும் படித்தல் வேண்டும். டாஃபில் வரும் சொற்களுள் இரண்டைப் பிரித்தறிதல் முதன்மையானது. ரெம்போ என்றால், வந்துவந்து போகும் மாற்றம். ஒவ்வொரு முறையும் ஒரு மணிக்குக் குறைவாகவே நிற்கும், எல்லாம் கூட்டினும் குறித்த காலத்தின் பாதியை எட்டாது. பிகமிங் என்றால், மாறி நிலைத்துவிடும் மாற்றம். மழை ரெம்போ எனின் விமானி சிறிது காத்திருக்கலாம். பிகமிங் எனின் அவன் தன் எண்ணத்தையே மாற்றவேண்டும்.

மேலே காட்டிய தை மாத வரியோடு டாஃபில் இவ்வாறு ஒரு தொகுதி உள்ளதாகக் கொள்வோம்: பிகமிங் 2002/2004 04008கே.ரி. 9999. இருபதாம் திகதி பொது நேரம் இரண்டுக்கும் நான்குக்கும் இடையே, அதாவது நம் நேரம் காலை ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையே, 40 பாகையிலிருந்து வாடை 8 நொட் வேகத்தில் வீசத் தொடங்கும். பார்வைத் தூரம் பத்துக் கிலோமீற்றரைக் கடக்கும். மெற்றாரின் நோசிக் 7 மணி 40 நிமிடத்தோடு முடிகின்றது. டாஃபின் மாற்றம் ஏழரைக்குத் தொடங்குகின்றது. இரண்டும் முரணவில்லை. ஆனால் மாற்றம் ஏழரைக்கே முற்றுப்பெறுமென்று எவரும் உறுதி கூறவில்லை. கூறியது ஒன்பதரை வரையுள்ள ஓர் இடைவெளியே. ஆகவே ஏழரைக்கு விமானத்தை வெளியே தள்ளிக்கொண்டு வரவேண்டியதில்லை. ஒன்பதரைக்குப் பின்வரும் மெற்றாரில் சுன்னங்கள் நீங்கி வாடையின் எண் எழுதப்பட்டிருக்கின்றதா, 23/23 என்றிருந்தது 27/22 என்பது போல விரிந்திருக்கின்றதா, பி.ஆர். மறைந்துவிட்டதா என மூன்றையும் பார்த்த பின்னரே எரிபொருள் அளக்கச் செல்லலாம்.